தரையில் உட்காரும் உடம்பைக் கணினி மாதிரிக்குள் கொண்டுபோவது எப்படி

எலும்பும் தசையும் சேர்ந்த மனித உடம்பைக் கணினியில் மாதிரியாக்கும் வேலையில் வெளிநாட்டுக் குழுக்களோடு சேர ஆசை என்று பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளும் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகளும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். வரும்போதே பலர் ஒரு மெயிலையும் எழுதி வைத்திருப்பார்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, மதிப்பெண் சதவீதத்தைச் சொல்லி, ‘உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்’ என்று முடியும். அதை அனுப்ப வேண்டாம். அதில் அந்தக் குழுக்களுக்குத் தேவையானது எதுவும் இல்லை.

அங்கே இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நம் ஆட்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். உலகத்தில் இருக்கிற பெரும்பாலான உடல் மாதிரிகள் நடப்பதற்கும் ஓடுவதற்கும் கட்டப்பட்டவை. சம்மணம் போட்டு, தலையைக் குனிந்து, மணிக்கணக்கில் கையை மட்டும் ஆட்டுகிற உடம்பை அவற்றில் ஏற்றினால் பல இடங்களில் திணறும். அந்தத் திணறலை அளந்து, அவர்கள் திறந்து ஓட்டிப் பார்க்கிற வடிவத்தில் கொண்டுபோய் வைத்தால் பேச்சு தானாகத் தொடங்கும். ‘ஓட்டிப் பார்க்கிற வடிவம்’ என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். பிறந்த ஊர் முக்கூடல். எங்கள் தெருவில் பீடித்தட்டு இல்லாத வீடுகளை எண்ணிவிடலாம். ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் எங்கே போனாலும் அதே தட்டு, அதே குனிவு. அதனால் இந்த வழிகாட்டி முழுக்கப் பீடி சுற்றுகிற ஒரு பெண்ணை வைத்தே போகும். நீங்கள் பத்தமடைப் பாய் நெசவை எடுத்துக்கொண்டாலும் படிகள் இவையேதான். பனையேற்றம் மட்டும் முதல் வேலையாக வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

யார் யார் இந்த வேலையில் இருக்கிறார்கள்

பெரிதாகப் பயமுறுத்திக்கொள்ள வேண்டியதில்லை, சில பெயர்கள் தெரிந்தால் போதும். தசை எப்படி இழுக்கிறது என்ற கணக்கின் அடித்தளம் ஏ.வி. ஹில் 1938இல் வெளியிட்டது. இன்றைய மென்பொருள்களில் ‘ஹில் வகைத் தசை’ என்று அவர் பெயரைத்தான் பார்ப்பீர்கள். ஓப்பன்சிம் என்ற இலவச மென்பொருளை ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட் டெல்ப்பின் குழு 2007இல் வெளியிட்டது. அதன் மூலநிரல், நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் அப்பாச்சி 2.0 என்ற திறந்த உரிமத்தில் கிடக்கிறது, யாரும் எடுக்கலாம், திருத்தலாம். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் பிறந்த எனிபாடி காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். நல்லது, ஆனால் நம் கல்லூரிகளில் கிடைப்பது கடினம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பீட்டர் ஹன்டர் முன்னின்று நடத்திய ஃபிசியோம் திட்டம், செல் முதல் முழு உடம்பு வரை மாதிரிகளை ஒன்றோடொன்று பொருத்தப் பார்த்தது. ஐரோப்பாவில் இதற்கு ஒப்பான முயற்சி விர்ச்சுவல் ஃபிசியாலஜிக்கல் ஹியூமன் என்ற பெயரில் நடந்தது.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு: மாதிரி சொல்லும் விசை சரியா என்று உயிரோடு இருக்கிற உடம்பில் பார்ப்பது எப்படி? தசைக்குள் தராசு வைக்க முடியாது. அதற்குப் பெர்லினில் கியோர்க் பெர்க்மான் குழு ஒரு வழி கண்டது. இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் வைக்கிற செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவியை வைத்து, நோயாளி நடக்கும்போது உள்ளே எவ்வளவு விசை என்று வெளியே அனுப்ப வைத்தார்கள். சாதாரண நடையிலேயே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விழுகிறது என்று தெரிந்தது. அந்த அளவுகளை ஆர்த்தோலோட் என்ற பெயரில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். முழங்கால் மூட்டுக்கு அமெரிக்காவில் 2010 முதல் போட்டியே நடத்தினார்கள்: அளவி பொருத்திய செயற்கை முழங்கால் உள்ள ஒருவரின் நடைத் தரவை எல்லாருக்கும் கொடுத்து, ‘உள்ளே எவ்வளவு விசை, கணித்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டு, எல்லாரும் விடை சொன்ன பிறகுதான் உண்மை அளவைத் திறந்து காட்டினார்கள். அதில் சொல்லப்பட்ட விடைகளைப் படித்துப் பாருங்கள். பெரிய பெரிய குழுக்களின் விடைகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது.

முதலில் மாதிரியை இறக்கிச் சோதியுங்கள்

ஓப்பன்சிம்மை இறக்க 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். அதோடு வருகிற கெய்ட் 2392 என்ற மாதிரியைத் திறங்கள். 23 அசைவுத் திசைகள், 92 தசை இழுவிகள். இதன் இயல்பு அளவு என்ன தெரியுமா? உயரம் சுமார் 1.8 மீட்டர், எடை 75.16 கிலோ. எங்கள் முக்கூடல் சித்தி ஒருத்தி நின்றால் அந்த மாதிரியின் தோளுக்கு வருவாள். இன்னொன்று, அந்த மாதிரிக்குக் கையே கிடையாது. தலையும் உடம்போடு ஒட்டியிருக்கும், கழுத்து தனியாகக் குனியாது. நடையை ஆராய்வதற்குக் கட்டியது அப்படித்தான் இருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் கையையும் கழுத்தையும் மட்டுமே வைத்துப் பிழைக்கிற பெண்ணை அதில் எங்கே உட்கார வைப்பது?

2016இல் அபூர்வா ராஜகோபால் குழு வெளியிட்ட முழு உடல் மாதிரி இதைவிட நமக்குப் பக்கம். 37 அசைவுத் திசைகள், கால்களில் 80 தசைகள். கை உண்டு, ஆனால் கையில் தசை கிடையாது, மூட்டுகளில் மோட்டார் போல முறுக்குவிசை மட்டும். தோளுக்கும் கைக்கும் தசை வேண்டுமென்றால் 2005இல் ஹோல்ஸ்பௌர் குழு கட்டிய 50 தசைக் கூறுகள் கொண்ட மாதிரியைப் பாருங்கள். தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் வழுக்கி நகர்வதையும் சேர்க்க வேண்டுமா, நெதர்லாந்தின் டெல்ஃப்டில் இருக்கும் அஜய் சேத்தின் மாதிரி. கழுத்துக்கு 1998இல் வாசவதா, லீ, டெல்ப் மூவரும் கட்டியதிலிருந்து ஒரு பரம்பரையே வந்திருக்கிறது. இவற்றில் பலவற்றையும் சிம்டிகே என்ற தளத்தில் இறக்கலாம். ஆழக் குந்துவதற்கு ஒட்டாவா பல்கலைக்கழகத்துக்காரர்களும் பெல்ஜியத்தின் லூவன்காரர்களும் சேர்ந்து 2019இல் ஒரு மாதிரியைத் திருத்தி வெளியிட்டார்கள். கூட்டு வேலை எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம். இருந்த மாதிரி எந்தக் கோணத்தில் உடைகிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் சரி செய்து, திருப்பிக் கொடுத்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலையும் அதுதான். யாரோ ஏற்கெனவே வெளியிட்ட ஒரு முடிவை, அவர்கள் கொடுத்த கோப்புகளை வைத்தே, உங்கள் கணினியில் மறுபடி எடுங்கள். வரைபடம் அவர்களுடையதோடு பொருந்த வேண்டும். பொருந்தும் வரை சொந்தத் தரவைத் தொடாதீர்கள். இதில் பொறுமை இழக்கிற பிள்ளைகள்தான் அதிகம். ஆனால் இதைச் செய்தவருக்கு மட்டும்தான், பிற்பாடு விடை கோணும்போது, கோணல் மாதிரியிலா தரவிலா என்று பிரித்துச் சொல்லத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மாதிரியை ஒரு ஆளின் அளவுக்குச் சுருக்குகிற கருவி ஓப்பன்சிம்மில் உண்டு. அது எலும்பின் நீளத்தைச் சுருக்கும், எடையைப் பகிரும், தசைநாரின் நீளத்தையும் சரிசெய்யும். தசையின் அதிகபட்ச வலுவைத் தொடாது. 75 கிலோ ஆளின் தசை வலு 45 கிலோ பெண்ணின் எலும்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை நீங்களாகத்தான் குறைக்க வேண்டும், எப்படிக் குறைத்தீர்கள் என்று எழுதியும் வைக்க வேண்டும். தசை அளவுகளே எங்கிருந்து வந்தன என்றும் கேட்டுப் பாருங்கள்: பல கால் மாதிரிகளின் தசை நீளங்கள் 21 முதியவர்களின் உடல்களை அறுத்து அளந்த 2009 ஆய்விலிருந்து வந்தவை. நம் ஊர் உடம்பு அதில் எங்கும் இல்லை.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

‘பீடி சுற்றுவோரின் உடல் சுமை’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு வருகிறார்கள். அது கேள்வியே இல்லை. ‘பீடித்தட்டைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினால் கழுத்தின் பின்தசை எவ்வளவு குறைவாக இழுக்கும்?’ இது கேள்வி. மாதிரிகள் ஒற்றை எண்ணைச் சொல்வதைவிட ஒப்பிட்டுச் சொல்வதில்தான் நம்பத்தக்கவை. தசை வலுவை நீங்கள் கொஞ்சம் தப்பாக வைத்திருந்தாலும் இரண்டு நிலைகளிலும் அதே தப்பு இருக்கும், வித்தியாசத்தில் பெரும்பகுதி தள்ளுபடியாகிவிடும்.

என் சித்தியிடம் இதைச் சொன்னபோது, “ஏட்டி, எங் கழுத்து வலிக்குன்னு சொல்ல கம்ப்யூட்டரா வேணும்?” என்றாள். வலிக்கிறது என்று சொல்ல வேண்டாம்தான். தட்டை எவ்வளவு உயர்த்தினால் கழுத்துக்கு லாபம், அதற்கு மேல் போனால் தோள் தூக்கிக்கொண்டு அங்கே வலி ஏறுமா என்பதைச் சொல்ல வேண்டும். கழுத்தில் குறைத்துத் தோளில் ஏற்றினால் என்ன பிரயோசனம்?

இன்னொரு காரணத்துக்காகவும் கழுத்தையும் தோளையும் எடுக்கச் சொல்கிறேன். சம்மணம் போட்டு உட்காரும்போது தரையின் எதிர்விசை எங்கே விழுகிறது? பிட்டத்தில் கொஞ்சம், தொடையின் வெளிப்பக்கம் கொஞ்சம், கணுக்காலில் கொஞ்சம். தரையில் விழும் விசையை அளக்கிற ஆய்வகத்து விசைத் தட்டின் மேல் அந்தப் பெண்ணை உட்கார வைத்தாலும் மொத்த விசைதான் தெரியும், எது எவ்வளவு என்று பிரிந்து வராது. அது தெரியாமல் இடுப்புக்கும் முழங்காலுக்கும் கணக்குப் போட முடியாது. ஆனால் கணக்கை உடம்பின் சும்மா நிற்கிற நுனியிலிருந்து தொடங்கினால் தரையே வேண்டாம். தலையிலிருந்து கழுத்துக்கு, விரலிலிருந்து தோளுக்கு. தலையின் எடை தெரியும், கையில் இருக்கிற இலையும் தூளும் ஒரு கிராம்கூட வராது. விசைத் தட்டு இல்லாத நம் ஊர்க் கல்லூரிக்கு இதைவிட வசதியான கேள்வி கிடைக்காது.

பனையேற்றம் ஏன் வேண்டாம் என்றேன் என்றால் இதனால்தான். கையும் மரத்தை அணைக்கிறது, தளைநார் மாட்டிய காலும் அழுத்துகிறது, சில நேரம் நெஞ்சும் சாய்கிறது. ஒவ்வொரு தொடுமிடத்திலும் தெரியாத ஒரு விசை. அதற்கு உணரிகள் வேண்டும், அதுவும் உயரத்தில். அனுபவம் வந்த பிறகு, ஒரு ஆய்வகத்தின் துணையோடு செய்யுங்கள்.

பீடியிலும் ஒரு பொறி உண்டு. சில பெண்கள் முழங்கையைத் தொடையிலோ தூக்கி வைத்த முழங்காலிலோ ஊன்றிக்கொண்டு சுற்றுவார்கள். அப்படி ஊன்றினால் ‘சும்மா நிற்கிற நுனி’ என்ற கணக்கு போயிற்று, தோளுக்கு வரும் எண் பொய். படம் பிடிக்கும் முன் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். யார் ஊன்றுகிறார், எப்போது ஊன்றுகிறார் என்று குறியுங்கள். அந்தக் குறிப்பைத் தரவோடு சேர்த்து வையுங்கள். தரையில் உட்கார்ந்து பழகாத ஒரு ஆய்வாளருக்கு இது தோன்றவே தோன்றாது.

வீட்டில் படம் பிடிப்பது

ஸ்டான்ஃபோர்டுக்காரர்களின் ஓப்பன்கேப், இரண்டு ஐபோனோ ஐபேடோ இருந்தால் வீடியோவிலிருந்து முப்பரிமாண அசைவை எடுத்து ஓப்பன்சிம் மாதிரியில் ஏற்றித் தரும். ஆனால் வீடியோ இணையம் வழியாக அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வரும். அதற்கு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். போஸ்டுசிம் என்ற திறந்த மென்பொருளில் எந்தக் கேமராவும் சரி, எல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கும், பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே சிக்கல்: சம்மணத்தில் ஒரு கால் இன்னொன்றை மறைக்கும், மென்பொருள் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுவிடும். சேலை முந்தானையும் மடியில் இருக்கும் தட்டும் மிச்சத்தை மறைத்துவிடும்.

என் யோசனை, முதல் முறை இதெல்லாம் வேண்டாம். கழுத்து முன்னால் குனிவதுதான் கேள்வி என்றால் பக்கவாட்டில் வைத்த ஒரே கேமரா போதும். கினோவியா என்ற இலவச மென்பொருளில் புள்ளிகளைத் தொடரலாம். மூன்று ஒட்டுப்புள்ளிகள்: காதின் முன்குருத்தில் ஒன்று, கண்ணின் வெளி ஓரத்தில் ஒன்று, பிடரியின் அடியில் குனிந்தால் புடைக்கிற எலும்பில் ஒன்று. முடியைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். கேமராவை முக்காலியில், அவரது தோள் உயரத்தில், நேர் பக்கத்தில் வையுங்கள். கொஞ்சம் சரிந்தாலும் கோணம் மாறும். காட்சிக்குள் அளவு தெரிந்த ஒரு மட்டப் பலகை இருக்கட்டும்.

வெளிச்சம் பெரிய தொந்தரவு. பெண்கள் வெளிச்சத்துக்காக வாசல் பக்கம்தான் உட்காருவார்கள், உள்ளேயிருந்து எடுத்தால் நிழலுருவம்தான் விழும். கேமராவை வாசல் பக்கம் கொண்டுபோங்கள், அவரை நகர்த்தாதீர்கள். நகர்த்தினால் உட்காருகிற விதமே மாறிவிடும். பல கேமரா வைக்கிறவர்கள் அளவு பிடிக்கச் சதுரங்கக் கட்டம் அச்சிட்ட தாளைக் காட்ட வேண்டும். ஆனி ஆடிக் காற்றில் நம் பக்கம் அந்தத் தாள் ஒரு நிமிடம் நேராக நிற்காது, பரீட்சை அட்டையில் முழுக்க ஒட்டிவிடுங்கள்.

‘பீடி சுற்றிக் காட்டுங்கள்’ என்று சொல்லாதீர்கள். காட்டச் சொன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து காட்டுவார்கள். அவர்கள் பாட்டுக்குச் சுற்றட்டும், டிவி ஓடினால் ஓடட்டும். முதல் பத்து நிமிடத்தைத் தள்ளிவிட்டு அப்புறம் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். இலை வெட்டுவது, சுற்றுவது, நூல் கட்டுவது எல்லாவற்றிலும் குனிவு வேறு வேறு. எந்த நிமிடத்தில் எது நடந்தது என்று கூடவே எழுதுங்கள்.

பென்சிலால் ஒரு கணக்கு

மென்பொருளை ஓட்டும் முன் விடை எவ்வளவு இருக்கலாம் என்று தாளில் போட்டுவிடுங்கள். 45 கிலோ பெண். தலையும் கழுத்தும் சேர்ந்து உடல் எடையில் சுமார் 8 சதவீதம், அதாவது 3.6 கிலோ; விசையில் 35 நியூட்டன். குனிந்திருக்கும்போது தலையின் நிறைமையம் கழுத்தடி மூட்டுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முறுக்குவிசை 3.5 நியூட்டன் மீட்டர். பின்தசை மூட்டிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இழுக்கிறது என்றால் அது 88 நியூட்டன் இழுக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒன்பது கிலோவைத் தூக்கிப் பிடித்திருப்பது போல. தட்டை உயர்த்தியதில் 10 சென்டிமீட்டர் 6 ஆகக் குறைந்தால் இழுவை 53 நியூட்டன்.

மாதிரி இதற்குப் பக்கத்தில் ஏதாவது சொன்னால் சரி. 150க்குப் பக்கத்தில் சொன்னால் எடை சுருங்கவில்லை, ஆயிரம் மடங்கு சொன்னால் மில்லிமீட்டர் மீட்டராகப் போயிருக்கிறது. பென்சில் கணக்கே போதுமே, மாதிரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கழுத்தில் ஒரு தசை இல்லை, அடுக்கடுக்காகப் பல இருக்கின்றன. ஒரே முறுக்குவிசையை அவை எண்ணற்ற விதங்களில் பங்கு போட்டுக்கொள்ளலாம். எல்லாத் தசைகளின் இயக்க அளவையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் எந்தப் பங்கீட்டில் கூட்டல் மிகக் குறைவோ, அதை உடம்பு தேர்ந்தெடுக்கும் என்று வைத்துக்கொண்டு மென்பொருள் பங்கு போடுகிறது. இது ஒரு ஊகம்தான். எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகிப் பிடிப்பதை இந்த முறை குறைத்துக் காட்டும். நாள் முழுக்கக் குனிந்த கழுத்தில் அந்த இறுக்கம் நிறைய உண்டு என்பதைத் தொட்டுப் பார்க்கும் எங்களுக்குத் தெரியும். முடிந்தால் தசையின் மின்துடிப்பை அளக்க, தோலின் மேல் ஒட்டும் ஈஎம்ஜி மின்வாய் வைத்து, மாதிரி சொல்லும் ஏற்ற இறக்கம் தசையிலும் தெரிகிறதா என்று பாருங்கள். ஈஎம்ஜி கிடைக்கவில்லையா, தசை வலுவையும் நிறைமையத்தையும் பத்து சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். எப்படி ஓட்டினாலும் ‘தட்டை உயர்த்துவது நல்லது’ என்றே வந்தால் விடை நிற்கும். ஒரு பக்கம் அப்படியும் ஒரு பக்கம் இப்படியும் வந்தால் விடை இன்னும் இல்லை என்றே எழுதுங்கள். இந்தச் சோதனைகள் பற்றி ஜெனிஃபர் ஹிக்ஸ் குழு 2015இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு, இந்தத் துறைக்கு வருகிறவர்கள் படிக்காமல் இருக்கக் கூடாது.

அச்சு, அலகு, கோப்பு

ஓப்பன்சிம்மில் எக்ஸ் முன்னால், ஒய் மேலே, இசட் வலப்பக்கம். நீளம் மீட்டரில், விசை நியூட்டனில். சர்வதேச உயிரியக்கவியல் சங்கம் மூட்டுகளுக்கான அச்சுகளை 2002இலும் 2005இலும் பரிந்துரையாக வெளியிட்டது. எல்லா நாட்டுத் தரவும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பல ஆய்வகக் கேமராக்கள் இசட்டை மேலே வைத்து, மில்லிமீட்டரில் எழுதும். எதை எதாக மாற்றினீர்கள் என்பதை ஒரு உரைக் கோப்பில் எழுதித் தரவோடு வைக்க வேண்டும்.

மூட்டுக் கோணங்களை எம்ஓடி கோப்பில் கொடுங்கள். முதல் பத்தி நேரம், மற்றவை கோணங்கள். பத்தித் தலைப்பு மாதிரியில் இருக்கிற பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். டிகிரியா ரேடியனா என்று தலைப்பில் ஒரு வரி உண்டு, அதை விடாதீர்கள். ஒட்டுப்புள்ளிகளின் இடங்களுக்கு டிஆர்சி கோப்பு, ஆய்வக மூலத்தரவுக்கு சி3டி கோப்பு. மாதிரியில் புள்ளிகளைப் பொருத்தும்போது சராசரிப் பிழை 2 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள அளவுகோல். வராவிட்டால் வராததையும் சேர்த்து எழுதுங்கள். கோப்புப் பெயரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ எல்லாம் வேண்டாம்.

ஒப்புதல்

உங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியரின் கல்லூரியில் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும், அதன் ஒப்புதல் கைக்கு வரும் முன் கேமராவைத் திறக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டுப் பணமோ கூட்டோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் தேவைப்படும், அதற்கு நாள் பிடிக்கும்; கூட்டாளியிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இழுத்தடிப்பதாக நினைப்பார்கள்.

ஒப்புதல் தாள் தமிழில் இருக்கட்டும், வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். ‘தரவுப் பகிர்வு’ என்றால் யாருக்கும் புரியாது. “ஒங்க மொகம் தெரியுத வீடியோ எங்கிட்டயே இருக்கும். கழுத்து எவ்வளவு குனியுதுங்கிற கணக்கு மட்டும் வெளிநாட்டுக்குப் போவும், அது யாரு கழுத்துன்னு அவாளுக்குத் தெரியாது” என்று சொன்னால் புரிகிறது. சொன்னபடி செய்யவும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கூட்டு முயற்சியில், வீடியோவையே அனுப்பு என்று அந்தப் பக்கத்திலிருந்து அழுத்தம் வந்தது. தாளில் இல்லாததை அனுப்ப முடியாது என்று ஒரே வரியில் முடித்தோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் இவர்கள். நீங்கள் எடுத்துக்கொள்கிற நேரம் அவர்கள் கூலியிலிருந்து போகிறது, அதை ஈடுகட்ட ஒரு தொகையைத் திட்டத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்குங்கள். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் படம் பிடிக்கப் பெண்களே போங்கள், அல்லது கூட ஒரு பெண்ணை அழைத்துப் போங்கள், இதை யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

எழுதுவதும் பேசுவதும்

இப்போது மெயில் எழுதலாம். நீங்கள் பயன்படுத்திய மாதிரியைக் கட்டியவருக்கே எழுதுங்கள், பெரிய பேராசிரியரைவிட அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பதில் போடும் வாய்ப்பு அதிகம். நான்கைந்து வரி. எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், எந்தக் கோணத்தில் என்ன ஆனது, கோப்பு இந்த இணைப்பில். ‘கழுத்து 50 டிகிரிக்கு மேல் குனியும்போது இந்தத் தசை எலும்புக்குள் புகுந்து போகிறது, உங்கள் கணினியிலும் அப்படித்தானா?’ இப்படிக் கேட்டால் கோப்பைத் திறந்து பார்க்காமல் இருக்க எந்த மாதிரிக்காரராலும் முடியாது. மென்பொருளிலேயே கோளாறு என்று உறுதியானால் கிட்ஹப்பில் பதியுங்கள், அதே கோளாறை வரவைக்கிற மிகச் சிறிய கோப்போடு. சின்னத் திருத்தத்தை நீங்களே செய்து அனுப்பினால் இன்னும் நல்லது.

நேரம் பற்றி ஒன்று. நமக்கு இரவு ஒன்பதரை என்றால் கலிஃபோர்னியாவில் காலை எட்டு அல்லது ஒன்பது, பருவத்தைப் பொறுத்து. ஐரோப்பாவுக்குப் பிற்பகல் சௌகரியம், ஆக்லாந்துக்குக் காலையிலேயே பேசிவிட வேண்டும். பேசும் முன் ஒரு பக்கக் குறிப்பும் ஒரு வரைபடமும் அனுப்பிவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் வரைபடம் பேசும், யாரும் ஒன்றும் நினைக்கப் போவதில்லை.

கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதை முதல் மாதத்திலேயே மெயிலில் எழுதி முடிவுசெய்யுங்கள். கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் கடைசியில் நன்றியுரையில் கிடக்கிறார்கள். தரவைச் சேகரித்தவர், நிரல் எழுதியவர், பகுப்பாய்வு செய்தவர் என்று பங்குகளைப் பதினான்கு வகையாகப் பிரித்துக் காட்டுகிற கிரெடிட் முறை இருக்கிறது, பல இதழ்கள் அதைக் கேட்கின்றன. அதைக் காட்டிக் கேட்டால் சண்டை போலத் தெரியாது. தரவு முழுக்க உங்களுடையது, எழுத்து அவர்களுடையது என்றால் நீங்களும் ஆசிரியர்தான். அதற்கேற்ப வரைவைப் படித்துத் திருத்தும் பொறுப்பும் உங்களுக்கு உண்டு.

தரவைப் பொதுவில் வைக்கும்போது செர்ன் ஆய்வு நிறுவனம் நடத்துகிற ஜெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் வையுங்கள், செலவில்லை, நிலையான அடையாள எண் கிடைக்கும், பிறர் உங்கள் தரவைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டலாம். உரிமம் சிசி பை 4.0 என்று போட்டால் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். வைத்த பிறகு எங்கிருந்தாவது ஒருவர், ‘உங்கள் இரண்டாவது ஆளின் கோப்பில் குறி தலைகீழாக இருக்கிறதே’ என்று எழுதுவார். பார்த்து, திருத்தி, புதிய பதிப்பாக ஏற்றுங்கள், என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள், சொன்னவர் பெயரையும் அவர் சம்மதித்தால் சேருங்கள். பழைய பதிப்பை நீக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அதை வைத்து ஏற்கெனவே கணக்குப் போட்டவர்களுக்கு அது வேண்டும்.